சஃபாரி: ஒரு பெயர், இரண்டு வரலாறு

சஃபாரி என்றால் எங்கள் காலத்து அரசு ஊழியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரைக்கை கோட்டும் அதே துணியில் தைத்த பேண்ட்டும்தான். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் பிரிவுக்கு இரண்டு பேராவது சஃபாரி சூட்டில் வந்து நிற்பார்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டால், ஆப்பிள் போனில் திசைகாட்டிப் படம் போட்டிருக்கும் பிரவுசர் என்பார்கள். என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரர்களில் சிலருக்கு மூன்றாவதாக ஒன்றும் நினைவுக்கு வரும். 1974-ல் பிரான்ஸ் நாட்டையே உலுக்கிய ஓர் அரசுத் திட்டத்தின் பெயர் அது.

சூட்டை விட்டுவிடுவோம். மற்ற இரண்டைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டிலும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே. "என் நன்மைக்கு என்று சொல்லி என்னைப் பற்றி எடுக்கும் குறிப்பு யாரிடம் போகிறது? நாளைக்கு வேறு எதற்கு அது பயன்படும்?"

முதலில் பிரெஞ்சு சஃபாரி.

பிரான்ஸில் பிறந்த ஒவ்வொருவருக்கும் 13 இலக்க எண் ஒன்று உண்டு. நம் ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். அடுத்து பிறந்த ஆண்டு, மாதம், பிறந்த மாவட்டம், ஊர், கடைசியில் பதிவேட்டு வரிசை எண். எண்ணைப் பார்த்தாலே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இந்த எண்முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவானது. உருவாக்கியவர் ரெனே கார்மில் என்ற ராணுவ அதிகாரி. ஜெர்மானியருக்கு எதிரான இயக்கத்தில் இருந்ததற்காக அவர் 1944-ல் கைதாகி, 1945 ஜனவரியில் தாஹாவ் முகாமில் உயிர் விட்டார். ஆனால் அவர் கொடுத்த எண்முறையின் முதல் இலக்கத்தை வைத்தே, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் யார் யூதர், யார் யூதரல்லாத உள்ளூர்க்காரர் என்று பிரித்தார்கள். உருவாக்கியவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எழுபதுகளில் பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனம் இந்த எண் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தொடங்கியது. நிர்வாகக் கோப்புகளுக்கும் தனிநபர் பதிவேட்டுக்குமான தானியங்கி முறை என்று பொருள்படும் நீண்ட பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சஃபாரி' என்று வரும். ஒவ்வொரு துறையும் தனித்தனியே வைத்திருக்கும் கோப்புகளை இந்த ஒரே எண்ணால் இணைத்துவிடலாம். நிர்வாகத்துக்கு வசதி, மக்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்றார்கள்.

1974 மார்ச் 21 அன்று 'லெ மோந்த்' நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சஃபாரி, அல்லது பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடுதல்'. காவல்துறையிடம் 400 தொகுதிகளில் 10 கோடிக் குறிப்பட்டைகள் இருக்கின்றன, உள்துறை அமைச்சகம் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறது, இவை எல்லாம் இணைந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டுரை கேட்டது. ஆக்கிரமிப்புக் காலத்துப் பட்டியல்களை நேரில் கண்டவர்கள் அன்று உயிரோடு இருந்தார்கள். எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. சில நாட்களிலேயே பிரதமர் பியேர் மெஸ்மெர் கோப்பு இணைப்பை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆய்வுக்குழு அமைந்தது. 1978 ஜனவரி 6 அன்று தனிச் சட்டமே வந்தது. அதைக் கண்காணிக்கத் தன்னாட்சி ஆணையம் ஒன்றும் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் சாரத்தை ஒரு குமாஸ்தாவின் மொழியில் சொல்கிறேன். எந்தக் காரியத்துக்காகக் குறிப்பு எடுத்தாயோ அந்தக் காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து. தேவைப்படும் காலம் வரைதான் வைத்திரு. யாரைப் பற்றியதோ அவர் கேட்டால் காட்டு.

இது ஏதோ பெரிய தத்துவம் போலத் தோன்றலாம். எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். நடமாட்டப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருக்கும். வேலை நேரத்தில் வெளியே போகிறவர் எங்கே போகிறார், எப்போது திரும்பினார் என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். யாராவது தேடி வந்தால் பதில் சொல்வதற்காக வைத்த நோட்டு, அவ்வளவுதான். ஒரு முறை புதிதாக வந்த அதிகாரி ஒருவர் மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டி, எங்கள் சக ஊழியர் ஒருவர் புதன்தோறும் ஆஸ்பத்திரி என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒழுங்காக அனுமதி வாங்கித்தான் அவர் போயிருந்தார். இருந்தும் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடப்பதை அந்த மனிதர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் மாடிப்படி முதல் கேண்டீன் வரை செய்தி போய்விட்டது. நோட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதச் சொன்னதிலும் தப்பு இல்லை. ஒரு காரியத்துக்கு வைத்த நோட்டு இன்னொரு காரியத்துக்குப் போனதுதான் தப்பு.

இனி பிரவுசர் கதைக்கு வருகிறேன்.

பிரெஞ்சில் 'ஃபிஷ்' என்றால் ஒருவரைப் பற்றிய குறிப்பட்டை. ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்றால் இன்று இணையத்தில் நடக்கும் தூண்டில் மோசடி. வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம் செய்து, பாஸ்வேர்டைத் தட்டவைத்துப் பணத்தைப் பறிப்பது. 2000-க்குப் பிறகு இது பெருகியபோது, பிரவுசர் செய்யும் நிறுவனங்கள் வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்த முடிவு செய்தன. நீங்கள் ஒரு பக்கத்துக்குப் போகும்போது, அது மோசடிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்புத் திரை காட்டித் தடுப்பது அவன் வேலை. நல்ல வேலைதான். சிக்கல் என்னவென்றால், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அவனால் எச்சரிக்க முடியும்.

2006 அக்டோபரில் இரண்டு பிரவுசர்கள் இந்தக் காவலோடு வந்தன. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, நன்கு தெரிந்த தளங்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, அதில் இல்லாத முகவரிகளைத் தன் சர்வருக்கு அனுப்பிக் கேட்டது. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் 2 இரண்டு வழி கொடுத்தது. பட்டியலை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒப்பிடலாம். அல்லது போகும் ஒவ்வொரு பக்கத்தையும் பற்றி கூகுளிடம் கேட்கலாம். இரண்டாவது வழியில் பாதுகாப்பு கூடுதல், ஆனால் நீங்கள் போன இடமெல்லாம் கூகுளுக்குத் தெரியும். 2008-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 3-ல் அந்த இரண்டாவது வழியையே எடுத்துவிட்டார்கள்.

முகவரி தெரிந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு மாதம் நீங்கள் திறந்த பக்கங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். சர்க்கரைக்கு என்ன மருந்து, உயில் எழுதுவது எப்படி, மகளுக்கு விவாகரத்து வழக்கு, எந்தக் கட்சியின் பேச்சு, எந்தக் கோயிலின் வேண்டுதல், எல்லாம் அதில் இருக்கும். நடமாட்டப் பதிவேட்டில் ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான் இருந்தது. இதில் எந்த வியாதி என்பதும் இருக்கும்.

ஆகவே பொறியாளர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். முகவரியை அப்படியே அனுப்பாமல், அதை ஒரு கணக்குக்குள் போட்டு 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாக்குவது. இதற்கு ஹாஷ் என்று பெயர். எண்ணை வைத்து முகவரியைத் திருப்பிக் கண்டுபிடிக்க நேர்வழி இல்லை. அந்த நீண்ட எண்ணின் முதல் 32 பிட்டுகள் மட்டும் கொண்ட மோசடிப் பட்டியலைப் பிரவுசர் தன்னிடமே வைத்திருக்கும். நீங்கள் போகும் பக்கத்தின் முதல் துண்டு அதில் ஏதோ ஒன்றோடு பொருந்தினால் மட்டும், அந்தத் துண்டைச் சர்வருக்கு அனுப்பி, "இப்படித் தொடங்கும் முழு எண்களைக் கொடு" என்று கேட்கும். கடைசி ஒப்பீடு உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். 32 பிட்டில் சுமார் 429 கோடி துண்டுகள் உண்டு. உலகத்தில் இருக்கும் பக்கங்களோ அதைவிடப் பல மடங்கு. அதனால் ஒரு துண்டைப் பார்த்து எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தெருவின் பெயர் தெரியும், வீட்டு எண் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையிலேயே நல்ல வேலை. ஆனாலும் ஓட்டை இருந்தது. இதை ஆராய்ந்தவர்களில் பிரான்ஸின் 'இன்றியா' ஆய்வு நிறுவனத்தினரும் உண்டு. 2015, 2016-ல் வெளிவந்த அவர்கள் ஆய்வின்படி, ஒரே பக்கத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் சர்வருக்குப் போனால், எந்தப் பக்கம் என்பதைப் பல நேரங்களில் ஊகித்துவிட முடியும். தெருப் பெயரோடு வீட்டுக் கதவின் நிறத்தையும் சொன்னது போல ஆகிவிடுகிறது. மேலும், துண்டு போகும்போது உங்கள் இணைய இணைப்பின் ஐ.பி. எண்ணும் கூடவே போகிறது.

2019 அக்டோபரில் ஆப்பிளின் சஃபாரி செய்திகளில் அடிபட்டது. போலித் தள எச்சரிக்கை பற்றிய அதன் விளக்கக் குறிப்பில், முகவரியிலிருந்து கணக்கிட்ட தகவல் கூகுளுக்கும் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்கும் போகலாம், அவர்கள் ஐ.பி. எண்ணையும் பதியலாம் என்று சிறிய எழுத்தில் இருந்தது. டென்சென்டா என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். சீனாவின் நிலப்பகுதியை இருப்பிடமாகத் தேர்ந்த கருவிகளுக்கு மட்டுமே அந்தப் பட்டியல், முழு முகவரி யாருக்கும் போவதில்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. அத்தோடு நிற்கவும் இல்லை. 2021 ஏப்ரலில் வந்த ஐ.ஓ.எஸ். 14.5 முதல், இந்தக் கேள்விகளைத் தன் சர்வர் வழியாகவே அனுப்பத் தொடங்கியது. அதனால் கூகுளுக்கு உங்கள் ஐ.பி. எண் தெரியாது. 1974-ல் சஃபாரி என்ற பெயர் கேட்டு எழுந்த கூச்சல் ஒரு சட்டம் தந்தது. 2019-ல் அதே பெயர் கேட்டு எழுந்த கூச்சல் ஒரு திரை தந்தது.

அடுத்த கட்டம் கூகுளின் குரோம். மோசடிப் பக்கங்களில் பல சராசரியாகப் பத்து நிமிடம்கூட உயிரோடு இருப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. பட்டியலோ அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்பட்டு வந்தது. திருடன் ஓடிய பிறகு காவல்காரனுக்குப் பெயர் வந்து என்ன பயன்? இதற்காக 2020 மே மாதம் 'மேம்பட்ட பாதுகாப்பு' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் போகும் முகவரிகள் உடனுக்குடன் கூகுளுக்குப் போகும். கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் தற்காலிகமாக அந்தக் கணக்கோடும் இணைக்கப்படும். 2006-ல் ஃபயர்பாக்ஸ் கொடுத்து, பின்னர் எடுத்துவிட்ட அந்த இரண்டாவது வழி திரும்ப வந்துவிட்டது.

2024 மார்ச்சில் சாதாரண முறையையும் உடனுக்குடன் சரிபார்ப்பதாக மாற்றினார்கள். இந்த முறை செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். மந்தணக் கடிதங்களை இரட்டை உறையில் அனுப்புவோம். உள் உறையில் 'மந்தணம்' என்று எழுதி அரக்கு முத்திரை. வெளி உறையில் முகவரி மட்டும். எடுத்துப் போகிறவருக்கு யாரிடமிருந்து யாருக்கு என்பது தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. குரோமும் அதே போல ஹாஷ் துண்டைப் பூட்டி, ஃபாஸ்ட்லி என்ற வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. ஃபாஸ்ட்லிக்கு உங்கள் ஐ.பி. எண் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அது வெளி உறையை நீக்கி, பலருடைய கேள்விகளோடு சேர்த்து கூகுளுக்கு அனுப்பும். கூகுளுக்கு உள்ளே இருப்பது தெரியும், அனுப்பியவர் தெரியாது. இருவரும் கூடிப் பேசிக்கொள்ளாதவரை ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

இவ்வளவும் காவலை ஒழுங்காகச் செய்ய முயன்றவர்களின் கதை. காவல்காரன் நோட்டையே விற்ற கதையும் உண்டு.

பிரவுசரில் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் 'வெப் ஆஃப் டிரஸ்ட்' என்ற சிறு செயலி, எந்தத் தளத்தை நம்பலாம் என்று பச்சை, சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர். தொலைக்காட்சி, சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களின் இணைய நடமாட்டப் பதிவு தரகர்களிடம் விலைக்குக் கிடைப்பதையும், அதில் ஒரு பகுதி இந்தச் செயலியிலிருந்து போனதையும் வெளிப்படுத்தியது. அரசியல்வாதிகளும் நீதிபதியும்கூட அதில் அடையாளம் தெரிந்தார்கள். நம்பிக்கை வட்டம் போட்ட கையே நோட்டை விற்றிருக்கிறது.

அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் கதையும் இதேதான். அதன் மென்பொருளும் பிரவுசர் இணைப்புகளும் சேர்த்த நடமாட்டத் தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் விற்றுவந்தது 2020 ஜனவரியில் வெளியானது. அந்த மாத இறுதியிலேயே ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக இந்தத் தகவலை விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. பிறர் கண்காணிப்பிலிருந்து காப்போம் என்று விளம்பரம் செய்த நிறுவனமே இதைச் செய்ததுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டில் முக்கியமானது.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதன்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நண்பரும் ஒளிக்க வேண்டிய தப்பு எதையும் செய்யவில்லை. அவருடைய துக்கத்தை யாரிடம் எப்போது சொல்வது என்பது அவர் உரிமை. அதைத்தான் அந்த நோட்டு பறித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஓய்வுபெற்றவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

என் போன்ற பென்ஷன்தாரர்களுக்கு இதில் என்ன வழி? காவலையே அணைத்துவிடாதீர்கள். பென்ஷன் கணக்கு ஒரு மாலையில் காலியாவதும் அந்தரங்கம் போவதைப் போலவே கொடுமைதான். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் சாதாரணக் காவல் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அது இருக்கட்டும். 'மேம்பட்ட' என்று வருவதை அழுத்தும் முன், என்ன கூடுதலாகப் போகிறது என்று பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எளிதில் ஏமாறக்கூடியவர் என்று நினைத்தால் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நான் சாதாரண முறையில் வைத்திருக்கிறேன். பாதுகாப்பு தருகிறேன் என்று இலவசமாக வந்து ஒட்டிக்கொள்ளும் இணைப்புகளை மட்டும் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். வங்கி முகவரியை, வந்த செய்தியிலுள்ள சுட்டியைத் தொடாமல், நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இதற்கு எந்தக் காவல்காரனும் வேண்டாம்.

1974-ல் பிரெஞ்சுக்காரர்கள் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நோட்டு, யார் கையில், எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். அதைக் கேட்கக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, முப்பது வருடம் பதிவேடு எழுதிய குமாஸ்தாவாலும் கேட்க முடியும். அந்த 1978 சட்டத்தால் பிறந்த ஆணையத்தின் கதை தனியே எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. இன்னொரு பதிவில் அதைச் சொல்கிறேன்.